ராஜபாளையம் நாய்: வேலை போனது, வெள்ளை மட்டும் நின்றது

எட்டுக் குட்டிகள் உள்ள ஓர் ஈத்தை எடுத்துக்கொள்வோம். பிறந்து பத்து நாள், கண் திறக்கவில்லை. சாக்கு விரிப்பில் தாயின் மடியை முட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஆறு குட்டிகள் பால் வெள்ளை. மூக்கு, உதடு, உள்ளங்கால் எல்லாம் இளஞ்சிவப்பு. ஏழாவதற்கு ஒரு காதின் மேல் செம்பழுப்புத் திட்டு. எட்டாவதன் இடுப்பில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குக் கறுப்பு.

இந்த ஈத்தைப் பார்க்கிற வியாபாரி ஆறு குட்டி என்றுதான் எண்ணுவார். திட்டு விழுந்த இரண்டும் ‘கலர் குட்டி’. தாய்ப்பாலில் பங்குக்கு வரக்கூடாது என்று முன்பெல்லாம் பிறந்த அன்றே கழித்துவிடுவார்கள். இப்போது யாராவது கேட்டால் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு, கணக்கில் ஏற்றாமல் விடுகிறார்கள். ராஜபாளையம் இனம் அருகிப்போனதற்குப் பல காரணங்கள் உண்டு. பாதிக்கு மேல் நாய் வளர்ப்பவர் கையில் இல்லாதவை. கையில் இருந்தும் கெடுத்துக்கொண்ட ஒன்று இந்த இரண்டு குட்டிகளிடம் இருக்கிறது. மற்றவற்றைச் சுருக்கி, அதை மட்டும் விரித்து எழுதியிருக்கிறோம்.

வேட்டையும் காவலும்

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிற ஊர் ராஜபாளையம். ஒரு பக்கம் நூற்பாலைகள். மலைப் பக்கம் போனால் தென்னந்தோப்பு, சப்பட்டையும் பஞ்சவர்ணமும் காய்க்கிற மாந்தோப்பு. தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் வளர்த்த நாய் என்பது ஊரில் வழங்கும் செய்தி. பாளையக்காரர் நாய் என்ற பொருளில் ‘பாலிகர் ஹவுண்ட்’ என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. பழைய பெருமைகளைப் பற்றிக் கதைகள் ஏராளம், அவற்றை விட்டுவிடுவோம். நாய் பார்த்த வேலை இரண்டு. மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி வேட்டை. தோப்பிலும் களத்திலும் வீட்டிலும் இராக்காவல்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமமில்லாத வேட்டை குற்றமானது. 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. நாய் வேலை பார்த்த காடே பூட்டப்பட்டது என்று சொல்லலாம். அணிலும் பன்றியும் பிழைத்ததில் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. சட்டம் வந்தது சரிதான். ஆனால் நாயின் பக்கம் ஒரு விளைவு நேர்ந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை.

வேட்டை என்பது நாய்க்குப் பரீட்சையும்கூட. புதருக்குள் போன நாய் சீழ்க்கைக்குத் திரும்ப வேண்டும். பன்றி எந்தப் பக்கம் உறுமுகிறது என்று தெரிந்து விலக வேண்டும். காது கேட்காத நாய் முதல் நாளே பின்தங்கும், இல்லையென்றால் பன்றியிடம் கிழிபடும். அதை யாரும் ஜோடி சேர்க்க மாட்டார்கள். அதாவது, நிறத்துக்காக வெள்ளையை வெள்ளையோடு சேர்த்துச் சேர்த்து வந்தபோதும், செவிட்டு நாயை வடிகட்டுகிற சல்லடை ஒன்று பக்கத்திலேயே இருந்தது. 1972-க்குப் பிறகு சல்லடை போய்விட்டது, நிறத்தின் மீதான ஆசை மட்டும் நின்றது.

வேலை இழந்த நாய்கள் உலகெங்கும் இதே பாதையில் போயிருக்கின்றன. இங்கிலாந்தில் நீர்நாய் வேட்டைக்கென்றே வளர்த்த ஆட்டர்ஹவுண்ட், 1978-இல் அந்த வேட்டை தடைசெய்யப்பட்ட பிறகு ஆதரவற்றுப்போனது. ஆண்டுக்கு 300 குட்டிகூடப் பதிவாகாத உள்நாட்டு இனங்களுக்கு அந்நாட்டுக் கெனல் கிளப் வைத்திருக்கும் பட்டியலில் அது நெடுங்காலமாக இருக்கிறது. நம் பக்கத்தில் முயல் வேட்டைக்கு ஓடிய சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் இதே இடத்தில்தான் நிற்கின்றன.

காவல் வேலை மெல்லப் போனது. தோப்புகள் பிளாட்டுகளாயின, சுற்றுச்சுவர் எழுந்தது, கேமரா வந்தது. நகரத்து வீடு சுருங்கியபோது, தோளுயரம் 65 முதல் 75 செ.மீ. வரை வளர்ந்து, வீட்டாரைத் தவிர எவரையும் கிட்டே விடாத நாய்க்கு இடமில்லாமல் போயிற்று. முதலில் பொமரேனியன், அல்சேஷன். பிறகு டாபர்மேன், லாப்ரடார். 2003-இல் ஹட்ச் கைபேசி விளம்பரத்தில் ஒரு பக் குட்டி சிறுவன் பின்னாலேயே நடந்தது. அதற்குப் பிறகு நம் வெயிலில் மூச்சு வாங்கித் தவிக்கிற அந்த நாய் தெருவுக்குத் தெரு வந்துவிட்டது.

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 1980-களில் இருந்தே கால்நடைப் பராமரிப்புத் துறை சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்கு ஓர் இனப்பெருக்கப் பிரிவு நடத்தியது. அங்கே நாய்கள் வைக்கப்பட்டிருந்த நிலை பற்றி விலங்கு நல ஆர்வலர்கள் வழக்குத் தொடுத்து, 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மூடச் சொன்னது. 2005-இல் நான்கு இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வந்தபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள மையம் முதன்முதலில் பதிவுசெய்த மூன்று நாய் இனங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல். அங்கீகாரத்துக்குக் குறைவில்லை. எதை அங்கீகரித்தோம் என்பதில்தான் சிக்கல்.

வெள்ளை என்பது எங்கே போய் முடிகிறது

இந்த இனத்துக்குச் சொல்லப்படும் அழகு: பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். கண்காட்சி நடுவர் பார்ப்பதும் வாங்குபவர் கேட்பதும் இதைத்தான். ஆனால் கறுப்பும் பழுப்பும் திட்டும் கொண்ட ராஜபாளையங்கள் முன்பே உண்டு. பிறந்ததும் அவற்றை ஒதுக்கி ஒதுக்கித்தான் இன்றைய ஒரே நிறத்துக்கு வந்து சேர்ந்தோம்.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? கருவில் நிறமிச் செல்கள் முதுகுத்தண்டை ஒட்டிய இடத்தில் தோன்றி, அங்கிருந்து நடந்து உடம்பெங்கும் பரவுகின்றன. முடிக்கும் தோலுக்கும் மட்டும் அவை போவதில்லை. கண்ணுக்கும் உட்காதுக்கும் போகின்றன. உட்காதில் நத்தை ஓடு போல் சுருண்ட குழாய் இருக்கிறது. அதன் பக்கச் சுவரில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு பட்டை. குழாய்க்குள் நிற்கும் திரவத்தில் பொட்டாசியத்தை உயர்த்தி வைப்பது அந்தப் பட்டையின் வேலை. அதற்கு நிறமிச் செல்கள் அங்கே இருந்தாக வேண்டும். இல்லையென்றால் பட்டை சுருங்கிப்போகும். திரவத்தில் நனைந்தபடி ஒலியை உணர்கிற மயிர்ச்செல்கள் பின்னாலேயே செத்துப்போகும். செத்தவை மறுபடி முளைக்காது. மருந்தோ சிகிச்சையோ கிடையாது.

அல்பினோ நாய்க்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அல்பினோவில் நிறமிச் செல் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும், நிறம் மட்டும் தயாரிக்காது. அதனால் காது பெரும்பாலும் கேட்கும். நாம் பேசுகிற மிகை வெள்ளையில் செல்லே போய்ச் சேராது. ‘எல்லா வெள்ளையும் ஒன்றுதான்’ என்று பேசுபவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

இந்தச் சேதம் பிறந்தவுடன் நடப்பதில்லை. நாய்க்குட்டிக்குக் காதுத் துளை திறப்பது ஏறத்தாழ இரண்டாம் வாரம். பட்டை சுருங்குவது பெரும்பாலும் மூன்று, நான்காம் வாரம். நடுவில் சில நாள் குட்டிக்குக் கேட்கவும் கூடும். ஆகவே 18-ஆம் நாள் கையைத் தட்டிப் பார்த்து ‘காது நல்லா கேக்குது’ என்று சொல்வதில் பயனே இல்லை. ஐந்து வாரம் முடிந்த பிறகு பார்ப்பதுதான் கணக்கு.

இதே கோளாறை அதிகம் ஆராய்ந்தது டால்மேஷியனில். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டால்மேஷியன்களைச் சோதித்ததில் ஏறத்தாழ 30 விழுக்காட்டு நாய்களுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை; இரண்டும் போனவை சுமார் 8 விழுக்காடு. அங்கே இரண்டு செய்திகள் தெளிவாகத் தெரிந்தன. நீலக் கண் உள்ளவற்றில் செவிடு கூடுதல். பிறக்கும்போதே உடம்பில் பெரிய நிறத்திட்டு உள்ளவற்றில் செவிடு குறைவு. திட்டு இருக்கிறது என்றால் நிறமிச் செல்கள் தாராளமாகப் பரவியிருக்கின்றன என்று பொருள். காதுக்கும் போயிருக்கும் வாய்ப்பு அதிகம். வேடிக்கை என்னவென்றால், டால்மேஷியன் கண்காட்சி விதியில் அந்தத் திட்டு ஒரு குறை. திட்டுள்ள நாய் மேடை ஏற முடியாது. நம் ஊர் ‘கலர் குட்டி’ அவலமும் அவர்கள் விதியும் ஒன்றேதான்.

நீலக் கண் பற்றி ஓர் எச்சரிக்கை. கண் திறந்த புதிதில் எல்லாக் குட்டிக்கும் கண் மங்கிய நீலமாகவே தெரியும். நிலையான நிறம் வர எட்டு, பத்து வாரம் ஆகும். நான்காம் வாரத்தில் நீலத்தைப் பார்த்துப் பயந்து குட்டியைக் கழிப்பதும் தவறு, ‘பொன்னிறம் வந்துவிடும்’ என்று சொல்லி விற்பதும் தவறு. பத்து வாரத்துக்குப் பிறகும் பளிங்கு நீலமாக நின்றால் அது செவிட்டுக்கு வலுவான அறிகுறி.

காதைச் சோதிப்பது

வீட்டில் செய்யும் சோதனை இரண்டு காதும் போன குட்டியை மட்டுமே காட்டிக்கொடுக்கும். ஒழுங்காகச் செய்தால் அந்த அளவுக்காவது நம்பலாம். வழக்கமாகச் செய்வது என்ன? குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது யாராவது கை தட்டுவார்கள். கேட்கிற குட்டிகள் துள்ளி எழும். கேட்காததும் பக்கத்துக் குட்டியின் அசைவில் எழுந்து ஓடும். ‘எல்லாத்துக்கும் கேக்குது.’ முடிந்தது சோதனை.

சரியான முறை இது. ஆறாவது வாரத்தில், பால் குடித்துத் தூங்குகிற குட்டியைத் தாயிடமிருந்தும் கூட்டத்திலிருந்தும் விலக்கி, தனி அறையில் தரையில் விரித்த கனத்த துணி மேல் விட வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். சோதிப்பவர் குட்டியின் முதுகுப் பக்கம், மூன்று நான்கு மீட்டர் தள்ளி, செருப்பில்லாமல் நிற்க வேண்டும். நிழல் குட்டி மேல் விழக்கூடாது. எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஒரே ஒரு தட்டு. கேட்கிற குட்டி காதை அசைக்கும், தலை தூக்கும், குறைந்தது மூச்சின் சீராவது மாறும். அரை நிமிடம் விட்டு, கனத்த ஒலி ஒன்று. மரக்கட்டை மேல் மரக்கட்டையைத் தட்டலாம். கதவை அறைவது, தரையில் காலை உதைப்பது, பக்கத்தில் நின்று கை தட்டுவது மூன்றும் கூடாது. அதிர்வும் காற்றும் தோலில் பட்டே செவிட்டுக் குட்டி விழித்துக்கொள்ளும். மூன்று வெவ்வேறு நாள் இதைச் செய்து, மூன்றிலும் அசையாத குட்டியைச் செவிடு என்று எழுதலாம்.

ஒரு காது மட்டும் போன குட்டி இதில் தப்பிவிடும். அது கூப்பிட்டால் வரும், குரைத்தால் பதில் குரைக்கும். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதுதான் அதற்குத் தெரியாது. வளர்ப்பதற்கு நல்ல நாய், இனப்பெருக்கத்துக்கு ஆகாது. இதைப் பிரித்துக் காட்டுவது மூளைத்தண்டு செவிச் சோதனை ஒன்றுதான். பிறந்த குழந்தைகளுக்கு எடுக்கிறார்களே ‘பெரா’ டெஸ்ட், அதே முறை. தலையில் தோலுக்கு அடியில் மெல்லிய மூன்று ஊசி மின்வாய்களைச் செருகி, ஒரு காதில் மட்டும் ‘டிக் டிக்’ ஒலியை விடுவார்கள். அடுத்த காதை இரைச்சல் ஒலியால் மறைத்துவிடுவார்கள். கேட்கும் காதுக்குத் திரையில் அலை எழும்பும், கேட்காத காதுக்குக் கோடு படுத்தே கிடக்கும். வேலை சில நிமிடம்தான். கருவிதான் எல்லா ஊரிலும் கிடைக்காது. நான்கைந்து வீட்டு ஈத்துகளைச் சேர்த்து ஒரே நாளில் கொண்டுபோனால் செலவு தாங்கும். குட்டிகளைப் பார்க்குமுன் தாயையும் தந்தையையும் சோதித்துவிடுவது இன்னும் சிக்கனம். ஒரு நாய்க்கு வாழ்நாளில் ஒருமுறை போதும்.

இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற ஜோடிக்கும் செவிட்டுக் குட்டி பிறக்கலாம். ஒரே மரபணு செய்கிற வேலை இல்லை இது. ஒரு தலைமுறையில் ஒழிக்க முடியாது. விகிதம் குறைந்துகொண்டே வரும், அவ்வளவுதான்.

‘ராஜபாளையம் திடீரென்று கடிக்கும்’ என்று ஒரு பெயர் உண்டு. அதில் ஒரு பங்கு, சோதிக்காமல் விற்ற செவிட்டு நாய்களுடையது என்பது எங்கள் கணிப்பு. தூங்கும் நாயின் பின்னால் வந்து தொட்டால், வருவது தெரியாத நாய் வாயைத்தான் போடும். மிச்சப் பங்கு, நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுகிறவர்களுடையது.

நான்கு கடுவனும் நூறு பெட்டையும்

நிறத்துக்கு அடுத்த கேடு, பேர்பெற்ற கடுவன். கண்காட்சியில் பரிசு வாங்கிய நாய் ஒன்று இருந்தால் சுற்றுவட்டாரப் பெட்டைகள் எல்லாம் அதனிடமே வரும். கட்டணம் பணமாக இருக்கும், அல்லது ஈத்தில் ஒரு குட்டி. குட்டியாக வாங்கினால் அந்தக் கடுவனின் மகளே அதே வீட்டுக்கு வந்து சேருகிறது. இரண்டு ஆண்டு கழித்து அப்பனோடே ஜோடி சேர்க்கப்படுகிறது.

இதற்குக் கணக்கு உண்டு. கடுவன் எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் வருவது ‘பயன்படும் எண்ணிக்கை’. 100 பெட்டைகளுக்கு 4 கடுவன் என்றால், 1,600-ஐ 104-ஆல் வகுக்க 15 சொச்சம் வரும். ஊருக்குள் 104 நாய். மரபின் கண்ணுக்கு 15 நாய். இந்த எண்ணை இரட்டித்து 1-ஐ அதனால் வகுத்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் கூடுகிற உள்ளினக் கலப்பு, அதாவது நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்வதன் அளவு, வரும்: 3 விழுக்காட்டுக்கு மேல். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு கால்நடை இனங்களுக்குச் சொல்லும் எல்லை 1 விழுக்காடு, அதாவது பயன்படும் எண்ணிக்கை 50. அதே 100 பெட்டைக்கு 20 கடுவனை வைத்தால் எண் 66-ஐத் தாண்டும், கலப்பு 0.75 விழுக்காடாக இறங்கும். ஒரு பெட்டைகூடக் கூட்டவில்லை. கடுவனை மட்டும் கூட்டியிருக்கிறோம். அப்பன்–மகள் ஜோடியில் பிறக்கிற குட்டிக்கு ஒரே ஈத்தில் ஏறும் கலப்பு 25 விழுக்காடு என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ‘குட்டியாக வாங்கும் கட்டணம்’ எவ்வளவு விலை பிடிக்கிறது என்று தெரியும்.

உள்ளினக் கலப்பு ஏறும்போது முதலில் கண்ணில் படுவது கோளாறுள்ள குட்டி இல்லை, ஈத்து சிறுத்துப்போவது. எட்டு போட்ட வம்சம் நான்கு போடும். பிறந்தவை முதல் வாரத்தில் சாகும். பிழைத்தவற்றில் சிலந்தியினப் பூச்சியால் வருகிற சொறி உடம்பெங்கும் படர்ந்து, மருந்துக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப வரும். ‘பால் பத்தல’, ‘கண்ணு பட்டுருச்சு’ என்று சொல்லி அடுத்த பருவத்துக்கும் அதே ஜோடியைச் சேர்ப்பார்கள்.

எண்ணிக்கை குறைந்த இனம் ஒரே வட்டாரத்தில் இருப்பதிலும் ஆபத்து உண்டு. நார்வேயின் லுண்டஹுண்ட், ஒரு தீவுக் கிராமத்தில் மட்டும் எஞ்சியிருந்த பறவை பிடிக்கும் நாய். 1940-களிலும் 1963-இலும் வந்த டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய் அள்ளிக்கொண்டு போக, மிஞ்சியவை ஆறு. அதில் ஐந்து ஒரே தாயின் குட்டிகள். இன்று அந்த இனத்தில் குடல் நோய் பரவலாக இருக்கிறது. வேறு வழியின்றி 2010-களில் அயல் இன நாய்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். நம் ஊரில் டிஸ்டெம்பரோடு பார்வோ என்ற வைரஸ் நோயும் உண்டு. ஆறாவது வாரத்திலிருந்து 16-ஆவது வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போடாத ஈத்து, ஈத்தோடு போவதைப் பார்ப்பது அபூர்வமில்லை.

இன்னொரு உள்வீட்டுச் சிக்கல் சிப்பிப்பாறையிடம் உண்டு. கறுப்பில் செந்திட்டு விழுந்தால் கன்னி, சந்தன வெள்ளை என்றால் பால்கன்னி, செவலையும் சாம்பலும் சிப்பிப்பாறை என்று நிறத்துக்கு ஒரு பெயர். ஒரே உடல்வாகு, ஒரே ஓட்டம். நிறத்தை வைத்து இனம் பிரித்தால், சிறிய மந்தை மூன்றாகச் சிதறுகிறது. வெள்ளை மோகத்தின் இன்னொரு உருவம்தான் இது.

மோகம் திரும்பி வந்தபோது

2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி, நாட்டு நாய் வளர்க்கச் சொன்னார். ஊரடங்கு நேரம், கேட்பவர்கள் குவிந்தார்கள். அருகிய இனத்துக்கு நல்ல காலம் என்று தோன்றும். நடந்தது வேறு. ஒரு பெட்டை சாதாரணமாக ஆறேழு மாதத்துக்கு ஒருமுறைதான் பருவத்துக்கு வரும், சினை 63 நாள். தேவை கூடியதும் குட்டியைக் கூட்ட மூன்றே வழி. பெட்டையை ஒவ்வொரு பருவத்துக்கும் ஓய்வின்றிச் சேர்ப்பது, ஒன்றரை வயதாகாத பெட்டையைச் சேர்ப்பது, வேறு வெள்ளை நாயைக் கலப்பது. மூன்றும் நடந்தன. உயரமும் பருமனும் காட்டினால் விலை கூடும் என்பதால் கிரேட் டேன், டோகோ அர்ஜென்டினோ போன்ற கனத்த நாய்களின் ரத்தமும் வந்தது.

இந்த வேற்றினக் கலப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? குட்டியில் பார்த்துச் சொல்வது கடினம். எட்டு மாதத்தில் ஓரளவு தெரியும். ராஜபாளையத்துக்கு ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட முகம், மடிந்து தொங்கும் காது, ஒட்ட வெட்டினாற்போன்ற முடி. தொங்கும் உதடு, சதுரத் தலை, கழுத்தடியில் மடிப்பு மடிப்பாகத் தோல், நடக்கும்போது ஆடும் இடுப்பு இவையெல்லாம் கனத்த நாயின் சொத்து. நிறம் இதில் எதையும் சொல்லாது. கலப்பு நாய் பால் வெள்ளையாக இருக்கலாம். தூய ராஜபாளையத்துக்குத் திட்டு விழலாம். ‘வெள்ளை என்றால் ஒரிஜினல்’ என்று நம்புகிறவரை ஏமாற்றுவதுதான் எல்லாவற்றையும்விட எளிது. சந்தேகம் வந்தால் தாய், தந்தை, குட்டி மூன்றின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தோ ரத்தம் எடுத்தோ டி.என்.ஏ. பெற்றோர்ச் சோதனைக்கு அனுப்பலாம்.

2017-இல் மத்திய அரசு நாய் இனப்பெருக்க விதிகளைக் கொண்டுவந்தது. பெட்டைக்கு 18 மாதம் நிறைய வேண்டும், தொடர்ந்து இரண்டு பருவத்துக்குச் சேர்க்கக்கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது, எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக்கூடாது. 2024-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் வெயிலுக்கு ஒவ்வாத 11 அயல் இனங்களின் இனப்பெருக்கத்துக்குத் தடை சொல்லி, நாட்டு இனங்களை முன்னிறுத்தியது. நல்ல விதிகள்தாம். காதைச் சோதிக்காமல் நாட்டு இனத்தை முன்னிறுத்துவதில் மட்டும் எங்களுக்குத் தயக்கம் உண்டு.

ஒரு வட்டாரக் குழு செய்யக்கூடியது

40 பெட்டை, 20 கடுவன் உள்ள குழு ஒன்று அமைந்தால் பயன்படும் எண்ணிக்கை 53. எல்லைக்கு மேலே வந்துவிடுகிறது. இது கோடீஸ்வரர் பண்ணை தேவைப்படுகிற அளவு அல்ல. முப்பது நாற்பது வீடுகள் ஒன்று இரண்டு நாய் வைத்திருந்தால் போதும். அறுபதும் ஒரே ஊரில் இருக்கக்கூடாது. பாதியாவது வேறு மாவட்டத்தில் இருக்கட்டும்.

வீடுகளை நான்கு அணியாகப் பிரிக்க வேண்டும். அணிக்குப் பத்துப் பெட்டை, ஐந்து கடுவன். முதல் அணியில் பிறந்த கடுவன்கள் இரண்டாம் அணிப் பெட்டைகளுக்கு, இரண்டாம் அணியினுடையவை மூன்றாம் அணிக்கு, மூன்று நான்குக்கு, நான்கு ஒன்றுக்கு. பெட்டை பிறந்த அணியிலேயே இருக்கும், கடுவன் மட்டும் நகரும். அண்ணன்–தங்கை சேர்க்கைக்கு வழியே இருக்காது. வம்சப் புத்தகம் சரியாக எழுதத் தெரியாதவர்கூட ‘நாலாம் அணி கடுவன் ஒண்ணாம் அணிக்கு’ என்பதை மறக்க மாட்டார். அடுத்த தலைமுறைக்கு நாய் நிறுத்தும்போது ஒவ்வொரு கடுவனுக்கும் ஒரு மகன், ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரு மகள் என்று நிறுத்த வேண்டும். பரிசு வாங்கிய கடுவனுக்கும் ஒரு மகன்தான். குழுக்கள் உடைவது பெரும்பாலும் இந்த விதியில்தான். பரிசு நாயின் சொந்தக்காரர் கோபித்துக்கொண்டு போவார். போகட்டும். அவருடைய ஒரு மகன் குழுவிடம் இருக்கிறது.

இரு காதும் கேட்கும் நாய் மட்டுமே ஜோடிக்கு. ஒரு காது போனதைச் சேர்க்க வேண்டாம். பெரிய திட்டுள்ள நாயை வெள்ளையோடு சேர்க்கலாம், சேர்க்க வேண்டும். வாங்குபவர் விரும்பும் வெள்ளை நிறம் குறைகிறதே என்ற கவலை முதல் சில ஆண்டு இருக்கும். திட்டு விழுந்த குட்டிகளைக் காதுச் சோதனைச் சீட்டோடு கொடுத்துப் பாருங்கள். தோப்புக்குக் காவல் நாய் தேடுகிறவர் நிறத்தைப் பெரிதாகக் கேட்பதில்லை. இளஞ்சிவப்பு மூக்கு வெயிலில் வெடித்துப் புண்ணாகும் தொல்லையும் கறுத்த மூக்குக்கு இல்லை.

ஈத்துக்கு ஓர் அட்டை வேண்டும். பிறந்த நாள், தாய், தந்தை, அணி, உயிரோடு பிறந்தவை, இறந்து பிறந்தவை, ஒவ்வொரு குட்டியின் நிறமும் திட்டும் இருக்கும் இடம், ஆறாவது வாரக் காதுச் சோதனை, பத்தாவது வாரக் கண் நிறம், யாரிடம் போனது. கழித்த குட்டியையும் எழுத வேண்டும். எழுதாத குட்டியால்தான் செவிட்டு விகிதம் எல்லார் வீட்டிலும் பூஜ்யமாக இருக்கிறது.

முதலில் சொன்ன ஈத்தின் அட்டை இப்படி இருக்கலாம். வெள்ளை ஆறில் நான்கு: இரு காதும் சரி. ஒன்று: இடக்காது இல்லை, கருத்தடை செய்து வளர்ப்புக்கு. ஒன்று: இரண்டும் இல்லை, சுற்றுச்சுவர் உள்ள, கைச்சாடையில் பழக்கத் தெரிந்த வீட்டுக்கு மட்டும். காதில் செம்பழுப்புத் திட்டு, கடுவன்: இரு காதும் சரி, அடுத்த அணிக்கு. இடுப்பில் கறுப்பு, பெட்டை: இரு காதும் சரி, விற்பனைக்கு இல்லை.